விஞ்ஞான அஞ்சல்: ஒரு விளக்கு எத்தனை கால்?

சைக்கிள் மிதித்து மின்சாரம் எடுத்து, அதைக்கொண்டு மின்சிக்கனத்தைக் கற்பிப்பது பற்றி மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்துள்ளோம்.

தரம் 10 மாணவர்களுடன் விஞ்ஞான தினத்துக்கு மிதிமின்பிறப்பாக்கி ஒன்று செய்ய விரும்புகிறோம். எந்த மோட்டர் வாங்குவது? என்னென்ன தேவை?
– விஞ்ஞான ஆசிரியை, களுவாஞ்சிகுடி

நிலைக்காந்தம் உள்ள நேரோட்ட மோட்டர்தான் வேண்டும். மின் ஸ்கூட்டர்களில் வரும் 24 வோல்ற்று, 250 வாற்று மோட்டர் பள்ளிக்கூட வேலைக்கு மிகப் பொருத்தம். பழைய சாமான் கடையில் எடுப்பதென்றால் அங்கேயே ஒரு சோதனை செய்யுங்கள். தண்டை விரலால் சுழற்றுங்கள். பிறகு இரண்டு வயர்களின் நுனியையும் ஒன்றோடொன்று தொடவைத்து மீண்டும் சுழற்றுங்கள். இரண்டாம் முறை தண்டு இறுகினால் காந்தமும் சுருளும் நன்றாக இருக்கின்றன. வித்தியாசமே தெரியாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள். பழைய வகை சீலிங் ஃபான் மோட்டர், சாதாரண நீர்ப்பம்பி மோட்டர் ஆகியவற்றில் நிலைக்காந்தம் கிடையாது, அவை இந்த வேலைக்கு உதவா. நடைப்பயிற்சி இயந்திர மோட்டர் சிலவற்றில் காந்தம் உண்டு. ஆனால் அவை 100 வோல்ற்றுக்கு மேற்பட்டவை, சாதாரண மிதிவேகத்திலேயே 40 வோல்ற்றைத் தாண்டிவிடலாம். மாணவர் கைபடும் இடத்தில் அது வேண்டாம்.

அடுத்தது வேகக் கணக்கு. பலரின் முயற்சி படுத்துவிடுவது இங்கேதான். நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால், முன்பல் 48, பின்பல் 18 உள்ள சாதாரண சைக்கிளில் பின்சக்கரம் 160 தடவை சுற்றும். ரயரோடு சேர்த்துச் சக்கரத்தின் விட்டம் 70 சென்ரிமீற்றர் என்று வையுங்கள். மோட்டர் தண்டில் 5 சென்ரிமீற்றர் விட்டமுள்ள உருளையைப் பூட்டி ரயரில் அழுத்தினால் வேகம் 14 மடங்காகி, மோட்டர் நிமிடத்துக்கு 2240 தடவை சுற்றும். மேற்சொன்ன மோட்டர் அந்த வேகத்தில், சுமை (விளக்கு போன்றவை) இல்லாதபோது, 16 வோல்ற்று அளவில் தரும். 7 அம்பியர் இழுக்கும்போது சுருளின் தடையில் 2 வோல்ற்று போகும், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் இருவாயியில் (டையோட்) அரை வோல்ற்று போகும். மிச்சம் 13 வோல்ற்றுக்குக் கிட்ட நிற்கும். 12 வோல்ற்று விளக்குகளுக்கு அது போதும். உருளை 10 சென்ரிமீற்றர் என்றால் வோல்ற்றளவு பாதியாகிவிடும். விளக்குகள் மங்கலாக எரிய, மோட்டரைக் குறைசொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

உருளையை லேத்தில் கடையச் சொல்லுங்கள்: அலுமினியம் அல்லது நைலோன், அகலம் 4 சென்ரிமீற்றர், தண்டில் இறுக்க இரண்டு கிறப் ஸ்குறூ. ஸ்கூட்டர் மோட்டரில் ஏற்கெனவே இருக்கும் பற்சக்கரத்தைக் கழற்றிவிட்டுத்தான் இதைப் பூட்ட வேண்டும்.

தாங்கியை 40 மில்லிமீற்றர் பொக்ஸ் இரும்பில் வெல்ட் செய்யுங்கள். பின் அச்சின் இரு பக்கமும் தாங்க வேண்டும், சக்கரம் நிலத்திலிருந்து 5 சென்ரிமீற்றர் உயர வேண்டும், அடி அகலம் 60 சென்ரிமீற்றருக்குக் குறையக்கூடாது. குறைந்தால் உயரமான பிள்ளை எழுந்து மிதிக்கும்போது சைக்கிளோடு சரியும். மோட்டரை நேரே போல்ட் போட்டு இறுக்காதீர்கள். ஒரு பக்கம் பிணைச்சல், மறு பக்கம் ஸ்பிறிங் என்று வைத்தால் ரயர் சற்று நெளிந்திருந்தாலும் உருளை கூடவே ஏறி இறங்கும். அழுத்தம் சரியா என்று பார்க்க, மோட்டர் வயரைக் கழற்றிவிட்டு மிதித்து, காலை நிறுத்துங்கள். சக்கரம் உடனே நின்றால் அழுத்தம் அதிகம். ரப்பரைச் சூடாக்கவே பிள்ளை மிதித்துக்கொண்டிருக்கும். சுமையைப் போட்டதும் உருளை வழுக்கிக் கீச்சிட்டால் அழுத்தம் போதாது. தேய்ந்த, வழுவழுப்பான ரயர்தான் இதற்கு நல்லது. காற்றை இறுக்கமாக அடித்துவிடுங்கள்.

மின் பக்கத்தில் தேவையானவை கொஞ்சம்தான்: 20 அம்பியர் ஷொட்கி இருவாயி ஒன்று (7 அம்பியரில் மூன்றரை வாற்று சூடாகும், சிறு அலுமினியத் தகட்டில் பூட்டுங்கள்), 10 அம்பியர் ஃபியூஸ், 2.5 சதுர மில்லிமீற்றர் வயர், வோல்ற்று, அம்பியர், வாற்று மூன்றையும் காட்டும் நேரோட்ட வாற்றுமானி. பற்றறி இல்லாதபோது இருவாயி எதற்கு என்று கேட்கலாம். யாராவது கையால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழற்றினால் முனைகள் மாறிவிடும், எல்.ஈ.டி. பக்கத்துச் சுற்று கருகும். பள்ளிக்கூடத்தில் யாராவது கட்டாயம் சுழற்றுவார்கள்.

பழைய வேன் ஒன்றின் ஆல்ற்றனேற்றர் இலவசமாகக் கிடைத்தது. அதைப் பூட்டலாமா?
– கராஜ் உரிமையாளர், கல்முனை

வேண்டாம். அதில் நிலைக்காந்தம் இல்லை. காந்தப்புலத்தை உண்டாக்கவே 2 முதல் 4 அம்பியர் வரை உள்ளே கொடுக்க வேண்டும், அதாவது 25 முதல் 50 வாற்று. ஒரு மாணவர் கால் வலிக்க மிதித்துத் தருவதே அவ்வளவுதான். வேலை தொடங்கவே நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட சுற்றும் வேண்டும். நூற்றுக்கணக்கான வாற்றை அலட்சியமாகக் கொடுக்கும் எஞ்சினுக்காகச் செய்த பொருள் அது. உங்கள் கராஜில் கழற்றி எறியும் பிறேக் லைற் பல்புகளும் ஹோல்டர்களும் இருந்தால் அவற்றைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுங்கள், அவைதான் உண்மையில் உதவும். ஏன் என்பது கீழே வருகிறது.

ஒரு பெரிய பற்றறியும் இன்வேட்டரும் வாங்கி, மாணவர் மிதித்த மின்சாரத்தில் மண்டபத்தின் தொலைக்காட்சியை ஓட்டிக் காட்டலாம் என்று அதிபர் சொல்கிறார். செய்யலாமா?
– காத்தான்குடியிலிருந்து ஓர் ஆசிரியர்

ஓட்டலாம், கைதட்டும் கிடைக்கும். ஆனால் பாடம் போய்விடும். பற்றறி நடுவில் வந்த கணமே காலுக்கும் விளக்குக்கும் உள்ள தொடர்பு அறுந்துவிடும். யார் எவ்வளவு மிதித்தாலும் தொலைக்காட்சி ஒரே மாதிரித்தான் ஓடும், உண்மையில் அதை ஓட்டுவது நேற்று சுவரில் சார்ஜ் பண்ணிய பற்றறி. ஆளியைத் தட்டிய மறுகணம் பெடல் கனக்க வேண்டும். இந்தக் கருவிக்கு இருக்கும் ஒரே பெருமை அதுதான்.

அதோடு, இன்வேட்டர் 230 வோல்ற்றைத் தரும், மாணவர் திறந்து வேலைசெய்யும் பலகையில் அது இருக்கக்கூடாது. அதன் வெளியீட்டைச் சுவர் பிளக்கோடு இணைக்க எவராவது யோசனை சொன்னால் உடனே தடுத்துவிடுங்கள். மின்தடை நேரத்தில் அந்த மின்சாரம் வெளிக்கம்பிக்குப் போய், கம்பத்தில் ஏறி நிற்கும் ஊழியரின் உயிரை எடுக்கலாம்.

அதிபருக்குப் பற்றறி கட்டாயம் வேண்டுமென்றால் யூ.பி.எஸ்ஸில் வரும் 12 வோல்ற்று 7 அம்பியர்-மணி பற்றறியைத் தனிச் செய்முறையாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் 2 அம்பியருக்கு மேல் செலுத்தக்கூடாது, 14.4 வோல்ற்றைத் தாண்டவும் கூடாது. சார்ஜ் கட்டுப்படுத்தி இல்லாமல் நேரே இணைத்தால் உற்சாகமான பிள்ளை ஒன்று அதை ஊதவைத்துவிடும்.

24 வோல்ற்று மோட்டரில் செய்துவிட்டோம். ஆனால் இரண்டு எல்.ஈ.டி. பல்புகள் எரிந்துபோயின. மடிக்கணினியின் கார் சார்ஜரை இணைத்தபோது இன்னொரு வினோதம்: கொஞ்சம் களைத்து வேகம் குறைந்ததும் பெடல் திடீரென்று இறுகி நின்றுவிடுகிறது. மோட்டர் பழுதா?
– தரம் 12 மாணவர், அக்கரைப்பற்று

மோட்டரில் பழுதில்லை, தம்பி. இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

பல்பு எரிந்தது சுமை இல்லாத வேகத்தால். கனமான சுமை கழன்றதும் கால் விடுபட்டுப் பறக்கும், வோல்ற்றளவு 20ஐத் தாண்டும், அந்தக் கணத்தில் இணைப்பில் இருந்த எல்.ஈ.டி. போகும். எல்.ஈ.டி. வரிசைக்கு முன்னால் எல்எம்2596 வகை வோல்ற்றுக் குறைப்பி ஒன்றை வைத்து 12 வோல்ற்றுக்குத் திருகிவிடுங்கள். அது 40 வோல்ற்று வரை உள்ளீட்டைத் தாங்கும். இழை பல்புகளை நேரே இணைக்கலாம், கொஞ்சம் கூடக் குறைய அவை பொறுத்துக்கொள்ளும்.

பெடல் இறுகுவது இன்னும் சுவையான விஷயம். இழை பல்பு, வோல்ற்றளவு குறைந்தால் மின்னோட்டத்தையும் குறைத்துக்கொள்ளும், களைத்தவருக்கு இரங்கும். மடிக்கணினிச் சார்ஜர் அப்படியில்லை. தனக்கு 60 வாற்று வேண்டுமென்றால் வேண்டும். 15 வோல்ற்றில் 4 அம்பியர் எடுத்தது, நீங்கள் தளர்ந்து 12 வோல்ற்று ஆனதும் 5 அம்பியர் எடுக்கும், 10 வோல்ற்றில் 6 அம்பியர். மோட்டரின் எதிர்த்திருப்பம், அதாவது சுழற்சியை அது எதிர்க்கும் அளவு, மின்னோட்டத்துக்கு நேர்விகிதம். ஆகவே மெதுவாக மெதுவாகப் பெடல் கனக்கும், கனக்கக் கனக்க இன்னும் மெதுவாகும், கடைசியில் நின்றுவிடும். சார்ஜரை விட்டு, 20 வாற்றுக்குக் குறைந்த சுமைகளை மட்டும் இப்படிக் கொடுங்கள். அல்லது இதையே உங்கள் செயற்றிட்டமாக எடுத்து, வோல்ற்றளவுக்கு எதிரே மின்னோட்டத்தை இரு சுமைகளுக்கும் வரைபாக்குங்கள். ஒரு கோடு ஏறும், மற்றது இறங்கும்.

ஒரு பாடவேளை 40 நிமிடம், வகுப்பில் 38 பிள்ளைகள், ஒரேயொரு சைக்கிள். எல்லோரும் மிதித்துப் பார்ப்பதற்குள் மணியடித்துவிடுகிறது. பாடத்தை எப்படி அமைப்பது?
– ஆசிரியர், வாழைச்சேனை

எல்லோரும் மிதிக்க வேண்டியதில்லை. ஆறு பேர், ஆளுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

முதலில் விளக்குப் பலகை. ஒரு பக்கம் வாகன பிறேக் லைற்றில் வரும் 12 வோல்ற்று 21 வாற்று இழை பல்புகள் நான்கு. மறு பக்கம் சோலர் விளக்குகளில் வரும் 12 வோல்ற்று 3 வாற்று எல்.ஈ.டி. பல்புகள் நான்கு. 12 வோல்ற்றில் இரண்டும் ஏறக்குறைய ஒரே வெளிச்சம், 300 லூமன் அளவு. ஒவ்வொன்றுக்கும் தனி ஆளி. ஓர் எச்சரிக்கை: கடைகளில் கிடைக்கும் 12 வோல்ற்று எல்.ஈ.டி. பல்புகள் பலவற்றுக்கு வீட்டு பல்பின் அதே அடிப்பாகம்தான். ஒரு பிள்ளை அதை வீட்டு ஹோல்டரில் போட்டால் வெடிக்கும். சிவப்பு வண்ணம் அடித்து எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

மிதிக்கத் தொடங்குமுன் ஒவ்வொருவரும் ஒரு துண்டில் எழுதட்டும்: நான்கு எல்.ஈ.டி. எரிய எவ்வளவு கஷ்டம், நான்கு இழை பல்பு எரிய எவ்வளவு கஷ்டம், எத்தனை நிமிடம் தாங்கும். எழுதாமல் பார்க்கும் பிள்ளை, கண்டதைத்தான் முதலே நினைத்ததாகச் சொல்லும்.

ஆளிகள் எல்லாம் அணைந்திருக்க மிதிக்கத் தொடங்கி, நிமிடத்துக்கு 55 சுற்று வந்தபின் ஒவ்வொன்றாகப் போடுங்கள். குளிர்ந்த இழையின் தடை, எரியும்போது இருப்பதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். நான்கையும் போட்டுவைத்துத் தொடங்கினால் பெடல் அசையவே அசையாது. நான்கு எல்.ஈ.டி.யும் எரியும்போது 12 வாற்று, மிதிப்பவர் கதைத்துக்கொண்டே மிதிக்கலாம். நான்கு இழை பல்பும் 84 வாற்று. மோட்டர், உருளை, செயின் எல்லாம் சேர்ந்து 40 வீதத்தை விழுங்குவதால் கால் கொடுப்பது 140 வாற்று. நல்ல உடற்கட்டுள்ள மாணவர்தான் ஒரு நிமிடம் தாங்குவார்.

அடுத்ததுதான் பாடத்தின் உயிர். மிதிப்பவரின் கண்ணைக் கட்டுங்கள். வேறொருவர் சத்தமில்லாமல் ஆளிகளைப் போடட்டும். கனம் கூடியதை உணர்ந்ததும் மிதிப்பவர் கையைத் தூக்க வேண்டும். இழை பல்புக்கு உடனே கை எழும். எல்.ஈ.டி.க்கு எழாது, எழுந்தாலும் குத்துமதிப்புத்தான். ஒரே வெளிச்சத்துக்கு ஏழு மடங்கு வித்தியாசம் என்று கரும்பலகையில் எழுதுவதைவிட இது ஆழமாகப் பதியும்.

இனி வீட்டுக்குப் போவோம். ஒரு மாணவர் நிலையாகத் தரக்கூடிய மின்சாரம் 50 வாற்று என்று வைத்து, வாற்றைத் தலைக்கணக்காக மாற்றுங்கள். நிற்கும் ஃபானுக்கு ஒருவர். பழைய வகை சீலிங் ஃபான் 75 வாற்று, ஒன்றரைப் பேர். 30 வாற்று பிஎல்டிசி (தூரிகையற்ற நேரோட்ட மோட்டர்) ஃபான் என்றால் ஒருவரே மூச்சுவாங்காமல் ஓட்டலாம். இஸ்திரிப்பெட்டி 1000 வாற்று, 20 பேர். 2000 வாற்று மின்கேத்தலுக்கு 40 பேர் வேண்டும். உங்கள் வகுப்பின் 38 பேரோடு நீங்களும் ஏறி மிதித்தாலும் ஓராள் குறைவு.

இங்கே நிறுத்திவிட்டால் பிள்ளைகள் பிழையான முடிவோடு வீட்டுக்குப் போவார்கள். கால் உணர்வது வலுவை (வாற்று) மட்டும், மின்பட்டியலில் வருவது சக்தி (வலுவை நேரத்தால் பெருக்கிய அலகு). கேத்தல் 4 நிமிடம் கொதித்தால் 0.13 அலகு. நிற்கும் ஃபான் இரவு 10 மணித்தியாலம் சுற்றினால் அரை அலகு. யாரும் கண்டுகொள்ளாத 10 வாற்று வைஃபை பெட்டி நாள் முழுதும் எரிந்து மாதத்துக்கு 7 அலகு எடுக்கும். ஆகவே தலைக்கணக்கு நிரலுக்குப் பக்கத்தில் மணித்தியால நிரல் ஒன்று கட்டாயம் வரட்டும். மிதிமின் செயன்முறை செய்யும் பல பள்ளிக்கூடங்கள் தவறவிடுவது இந்த நிரலைத்தான்.

வீட்டுவேலைக்கு மின்மானியின் சிவப்புப் பொட்டைக் கொடுங்கள். மானியில் ஓர் அலகுக்கு 1600 துடிப்பு என்று அச்சிட்டிருந்தால், ஒரு சிமிட்டல் 2250 யூல். ஐம்பது வாற்றில் மிதிப்பவர் அதற்கு 45 வினாடி உழைக்க வேண்டும். கேத்தலைப் போட்டால் அந்தப் பொட்டு நிமிடத்துக்கு 53 தடவை சிமிட்டும். எண்ணி எழுதிக்கொண்டு வரட்டும். துடிப்பு எண் மானிக்கு மானி மாறும், முதலில் அதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டில் இரண்டு பொடியன்கள் சும்மா இருக்கிறார்கள். இப்படி ஒன்று செய்துகொடுத்தால் கரண்ட் பில் குறையுமா?
– ஒரு தாய், திருக்கோவில்

குறையாது அம்மா. ஓர் அலகுக்கு ஒருவர் 20 மணித்தியாலம் மிதிக்க வேண்டும். உண்ட உணவில் ஏறக்குறைய 22 வீதம்தான் காலின் வேலையாக வருகிறது, அதிலும் 60 வீதம்தான் மின்சாரமாகிறது. அப்படியானால் ஓர் அலகுக்கு மேலதிகமாக 6500 கிலோகலோரி, கிட்டத்தட்ட 1.8 கிலோ அரிசி. அந்த அரிசியை மின்சாரச் சோற்றுப்பானையில் ஆக்கவே அரை அலகுக்கு மேல் போய்விடும்!

உங்கள் மாவட்டத்து இங்கினியாகலை நீர்மின் நிலையத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 11 மெகாவாற்று, நாட்டின் சிறிய நிலையங்களில் ஒன்று. அதற்கு ஈடாக 2,20,000 பேர் ஒரே நேரத்தில் மிதிக்க வேண்டும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி அம்பாறை மாவட்டத்து மக்களில் மூன்றில் ஒரு பங்கு அது. பொடியன்களை மிதிக்கவிடுவதைவிட, மஞ்சள் இழை பல்பு எங்கேனும் மிச்சமிருந்தால் அதை மாற்றச் சொல்லுங்கள்.

மோட்டரில் 80 வாற்று காட்டுகிறது, ஆனால் வகுப்பின் முன்னால் வைத்த பலகையில் விளக்குகள் மங்கல். ஏன்?
– மாணவி, சம்மாந்துறை

வயர் மெல்லியது. பலகை 8 மீற்றர் தூரம் என்றால் போக வர 16 மீற்றர். அரைச் சதுர மில்லிமீற்றர் வயரில் அதன் தடை 0.55 ஓம். 7 அம்பியர் போகும்போது கிட்டத்தட்ட 4 வோல்ற்று, 27 வாற்று, வயரைச் சூடாக்கப் போகிறது. வோல்ற்றளவு ஆறில் ஒரு பங்கு குறைந்தாலே இழை பல்பின் வெளிச்சம் பாதியாகிவிடும். 2.5 சதுர மில்லிமீற்றர் வயரில் இழப்பு முக்கால் வோல்ற்றுத்தான். சைக்கிளைப் பலகைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் காசும் மிச்சம். இரண்டு முனையிலும் வோல்ற்றளவை அளந்து வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள், பரீட்சைக்கும் உதவும்.

தரம் 4, 5 பிள்ளைகளுக்குச் சைக்கிள் எட்டாது. வேறு வழி?
– ஆரம்பப் பிரிவு ஆசிரியை, கொக்கட்டிச்சோலை

ரயரில் உரசும் பழைய போத்தல் டைனமோ போதும்: 6 வோல்ற்று, 3 வாற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுழற்றட்டும். மின்சாரம் இல்லாத போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் இப்படித்தான் வானொலி கேட்டார்கள். அம்மம்மா, அம்மப்பாவிடம் கேட்டுவரச் சொன்னால் பாதிப் பாடம் வீட்டிலேயே நடந்துவிடும். டைனமோ தருவது ஆடலோட்டம், எல்.ஈ.டி.க்கு நான்கு 1என்4007 இருவாயிகளால் பாலம் கட்டி, 1000 மைக்ரோபரட், 50 வோல்ற்றுக் கொள்ளளவி (கப்பாசிற்றர்) ஒன்றைப் போடுங்கள். 25 வோல்ற்றுக் கொள்ளளவி வேண்டாம். சுமை கழன்ற நிலையில் பிள்ளைகள் வேகமாகச் சுழற்றினால் அது தாங்காது.

மாணவிகளின் சீருடை, வெயில், கடற்காற்று. இவற்றில் எதைக் கவனிக்க வேண்டும்?
– அதிபர், கல்லடி

மூன்றையும். செயினுக்கு முழு மூடி, உருளைக்கும் ரயருக்கும் இடையிலுள்ள இடுக்குக்குத் தகட்டு மறைப்பு. விரல் போவது செயினில் அல்ல, அந்த இடுக்கில்தான். கழுத்துப்பட்டி, ஷோல், பின்னல் எல்லாம் கட்டிய பின்பே ஏற வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ள பிள்ளைகளை முன்கூட்டியே கேட்டறிந்து, நேரம் குறிக்கும் வேலையைக் கொடுங்கள். வறண்ட, சூடான கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணியில் காலை ஒன்பது மணிக்கு முன் முடித்துவிடுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். உப்புக்காற்றுக்கு, வயர் முனைகளில் வஸ்லின் பூசுங்கள். தவணை விடுமுறைக்கு முன் மோட்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வையுங்கள். ஸ்பிறிங் அழுத்தத்தோடு விட்டால் ரயரில் பள்ளம் விழுந்து, அடுத்த தவணை முழுதும் சுற்றுக்கு ஒரு தடவை விளக்கு துடிக்கும்.